முழங்காலுக்குள் ஒரு பிறை: 'மெனிஸ்கஸ்' என்ற சொல்லும் அம்மாவின் ஸ்கேன் அறிக்கையும்

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. ஐந்து மாதங்களாக வலது முழங்காலின் உள்பக்கம் வலி. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். அறிக்கையில் 'கிரேடு 3 டியர், போஸ்டீரியர் ஹார்ன், மீடியல் மெனிஸ்கஸ்' என்று இருக்கிறது. ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டால் "ஜவ்வு கிழிஞ்சிருக்கும்மா" என்று மட்டும் சொன்னார்கள். போன வருடம் கபடியில் விழுந்த சித்தப்பா மகனுக்கும் ஜவ்வு கிழிந்தது என்று சொல்லித்தான் ஆபரேஷன் செய்தார்கள். இரண்டும் ஒன்றுதானா? நான் வேதியியல் படித்தவள். மெனிஸ்கஸ் என்றால் எனக்குத் தெரிந்தது பியூரெட் என்னும் கண்ணாடி அளவுக்குழாய்க்குள் தெரியும் திரவத்தின் வளைவு. அது முழங்காலுக்குள் எப்படி வந்தது? அதற்குக் கொம்பு ஏது? 'கிரேடு 3' என்றதும் நோய் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று அம்மா சரியாகத் தூங்குவதே இல்லை. ஆபரேஷன் கட்டாயமா? மார்கழி வருகிறது, உட்கார்ந்து கோலம் போடலாமா என்றும் கேட்கச் சொன்னார்.
— வாசகி, ஈரோடு

பதில்: எலும்பு, மூட்டு அறுவைச் சிகிச்சை மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அம்மாவின் தூக்கத்தைத் திருப்பித் தந்துவிடலாம். இந்த 'கிரேடு 3' புற்றுநோய்க்குச் சொல்லும் மூன்றாம் கட்டம் போன்றது அல்ல. எம்.ஆர்.ஐ. படத்தில் நல்ல மெனிஸ்கஸ் ஒரே கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு புள்ளியோ சிறு மேகமோ தெரிந்தால் கிரேடு 1. வெள்ளை ஒரு கோடாக ஓடி, ஆனால் மேற்பரப்பைத் தொடாமல் உள்ளேயே நின்றுவிட்டால் கிரேடு 2. அந்தக் கோடு மேற்பரப்பையோ அடிப்பரப்பையோ தொட்டுவிட்டால் கிரேடு 3. முதல் இரண்டும் வயதோடு வரும் தேய்மானத்தின் அடையாளங்கள். அவற்றைக் கிழிசல் என்று கணக்கில் எடுப்பதில்லை. மூன்றாவதைத்தான் கிழிசல் என்கிறோம். ஆக, அந்த 3 'கிழிசல் இருக்கிறது' என்று மட்டும் சொல்கிறது. அது பெரிதா சிறிதா, ஆபத்தா இல்லையா, கத்தி வைக்க வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை.

இனி உங்கள் பியூரெட்டுக்கு வருகிறேன். உங்களுக்கு எழுந்தது மிகச் சரியான சந்தேகம். அதைப் பிடித்துக்கொண்டு போனாலே அறிக்கை முழுவதும் புரிந்துவிடும்.

கிரேக்க மொழியில் 'மேனே' என்றால் நிலா. அதோடு 'இஸ்கோஸ்' என்ற விகுதி சேர்ந்தால் 'சின்ன' என்ற பொருள் வரும். மேனிஸ்கோஸ் என்றால் சின்ன நிலா, அதாவது பிறை. அச்சில் அடிக்குறிப்புக்கு இடும் நட்சத்திரக் குறியை ஆஸ்டெரிஸ்க் என்கிறோமே, அதிலும் இதே விகுதிதான்: ஆஸ்டெர் நட்சத்திரம், ஆஸ்டெரிஸ்கோஸ் குட்டி நட்சத்திரம். பழைய கிரேக்கத்தில் பிறை வடிவப் பொருள்களையும் மேனிஸ்கோஸ் என்றார்கள். வெட்டவெளியில் நிற்கும் சிலைகளின் தலையில் பறவைகள் எச்சமிடாதபடி பொருத்திய உலோகத் தகட்டுக்கும் அதே பெயர்தான் வழங்கியது. கி.மு. 414-இல் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோபனீஸின் நாடகம் ஒன்றில் பறவைகள் அதைச் சொல்லி மிரட்டும் இடம் வருகிறது.

இந்த 'மேனே' நமக்குத் தூரத்து உறவும்கூட. சமஸ்கிருதத்தில் 'மாஸ' என்னும் சொல்லுக்கும் கிரேக்க 'மேனே'வுக்கும் மூலவேர் ஒன்று. அந்த 'மாஸ'தான் தமிழுக்கு வந்து மாசம், மாதம் ஆனது. நிலாவை வைத்து நாளை எண்ணிய மக்கள் பலரும் நிலா, மாதம் இரண்டுக்கும் ஒரே சொல்லையோ ஒரே வேரையோ வைத்துக்கொண்டார்கள். தமிழில் அது இன்னும் வெளிப்படை: திங்கள் என்றால் நிலாவும்தான், மாதமும்தான். மெனோபாஸ் என்று நீங்கள் கேள்விப்படும் சொல்லின் முன்பகுதியும் மாதத்தைக் குறிக்கும் இதே கிரேக்க வேரிலிருந்து வந்ததே.

பெயர் வடிவத்தைத்தான் சொல்கிறது என்பது தெரிந்துவிட்டால், அது ஏன் இத்தனை இடங்களில் ஒட்டிக்கொண்டது என்பதும் தெரிந்துவிடும். ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் குவிந்த மூக்குக்கண்ணாடி வில்லையை விளிம்பிலிருந்து பார்த்தால் பிறை. ஆகவே அது மெனிஸ்கஸ் லென்ஸ். பியூரெட்டில் நீர் கண்ணாடிச் சுவரில் ஏறி நடுவில் தாழ்ந்து நிற்பதைப் பக்கவாட்டில் பார்த்தால் அதுவும் பிறை. நிறமில்லாத கரைசலுக்குக் கீழ்விளிம்பையும், பெர்மாங்கனேட்டுக்கு மேல்விளிம்பையும் பார்த்து அளவு குறித்திருப்பீர்கள். முழங்காலில் பார்க்கும் திசைதான் வேறு. தொடை எலும்பை எடுத்துவிட்டு, கீழ்க்கால் எலும்பான டிபியாவின் தலைப்பகுதியை மேலிருந்து நேராகப் பாருங்கள். சற்றே குழிந்த இரண்டு மேடைகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பிறை. உள்பக்கத்துப் பிறை நன்றாக வாய் திறந்தது. வெளிப்பக்கத்துப் பிறையின் முனைகள் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொடும் அளவுக்கு வளைந்தது. ஆளுக்கு மொத்தம் நான்கு பிறைகள், ஒரு முழங்காலுக்கு இரண்டு.

கொம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். பிறைக்குக் கொம்பு உண்டு என்பதைத் தமிழரிடம் யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் பிறையைப் பார்த்து எந்த முனை உயர்ந்திருக்கிறது என்று கணிக்கும் பெரியவர்கள் வடகோடு, தென்கோடு என்றுதானே சொன்னார்கள்? கோடு என்றால் கொம்பு. யானைக் கோடு என்பதில் வரும் அதே கோடு. வானத்துப் பிறைக்கு வடக்கும் தெற்குமாக இரண்டு கோடுகள். முழங்கால் பிறைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு கொம்புகள். ஆன்டீரியர் ஹார்ன் முன்கொம்பு, போஸ்டீரியர் ஹார்ன் பின்கொம்பு. நடுவே உள்ள வளைவை 'பாடி' என்று எழுதுவார்கள். கொம்பின் நுனி எலும்பில் ஊன்றியிருக்கும் இடம் 'ரூட்', அதாவது வேர். இந்த வேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனைப் பற்றிப் பேசும்போது அதுதான் முக்கியம்.

மீடியல் என்றால் உடலின் நடுக்கோட்டை நோக்கிய பக்கம், அதாவது மற்றக் காலைப் பார்த்திருக்கும் உள்பக்கம். இப்போது உங்கள் அறிக்கையைத் தமிழில் படியுங்கள்: 'உள்பக்கப் பிறையின் பின்கொம்பில், மேற்பரப்பு வரை எட்டிய ஒரு கிழிசல்.' அவ்வளவுதான்.

'ஜவ்வு' என்ற சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. ஜவ்வு என்றால் மெல்லிய சவ்வு. காதில் அதிரும் செவிப்பறையை ஜவ்வு என்பது பொருத்தம். ஆனால் நம் ஊரில் முதுகெலும்புத் தட்டு விலகினாலும் ஜவ்வு, முழங்காலில் தசைநார் அறுந்தாலும் ஜவ்வு, பிறை கிழிந்தாலும் ஜவ்வு, எலும்பின் மேல்பூச்சு தேய்ந்தாலும் ஜவ்வு. நான்கும் வெவ்வேறு பொருள்கள், வெவ்வேறு வேலைகள், வெவ்வேறு வைத்தியங்கள். கிரேக்கத்தில் ஜவ்வுக்கு உரிய சொல் 'மேனிங்ஸ்'. மூளையைச் சுற்றிய உறைக்கு அந்தப் பெயர். மெனிஞ்சைட்டிஸ் என்னும் மூளையுறை அழற்சியில் வருவது அதுதான். எழுத்தில் மெனிஸ்கஸ் போலத் தோன்றினாலும் உறவில்லாத வேறு சொல். ஆக, பிறந்த மொழியிலும் மெனிஸ்கஸ் ஜவ்வு அல்ல.

உங்கள் சித்தப்பா மகனுக்கு அறுந்தது பெரும்பாலும் ஏ.சி.எல். என்னும் முன் சிலுவை நாராக இருக்கும். கபடியில் திடீரென்று திரும்பும்போது அறுவது அதுதான். அது எலும்போடு எலும்பைக் கட்டும் கயிறு. அறுந்தால் உள்ளே இரத்தம் கசிந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முழங்கால் பந்துபோல வீங்கும். பிறகு நடக்கையில் கால் நழுவுவதுபோல் இருக்கும். மெனிஸ்கஸ் மட்டும் கிழிந்தால் வீக்கம் பெரும்பாலும் மறுநாள்தான் எட்டிப்பார்க்கும், அதுவும் மிதமாக. அது கயிறு அல்ல. நார் நிறைந்த குருத்தெலும்பாலான முட்டு. அடுத்த முறை யாராவது ஜவ்வு என்றால், "எந்த ஜவ்வுங்க? லிகமென்டா, மெனிஸ்கஸா, இல்லை மேல்பூச்சா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதிக் குழப்பம் தீரும்.

இந்தப் பிறை செய்யும் வேலையைப் பார்க்க அடுக்களைக்குள் போகலாம். அடி உருண்ட மண்பானையைச் சமதரையில் வைத்தால் ஒரே புள்ளியில் நின்று ஆடும். அடியில் வைக்கோல் பிரிமணை போட்டால் கனம் வளையம் முழுவதும் பரவி, பானை அசையாமல் உட்காரும். தொடை எலும்பின் அடிமுனை அந்த உருண்ட பானை, டிபியாவின் மேடை தரை, மெனிஸ்கஸ் பிரிமணை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளிவிளிம்பு தடித்து, உள்விளிம்பு கத்தி முனைபோல மெலிந்து ஆப்பு வடிவில் இருக்கும். நிறுத்திய லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை போல. கால் நீட்டி நிற்கும்போது மூட்டின் மேல் வரும் பாரத்தில் சுமார் பாதியையும், முழங்கால் 90 பாகை மடங்கியிருக்கும்போது சுமார் 85 சதவீதத்தையும் இந்தப் பிறைகள்தான் தாங்குகின்றன. மடங்க மடங்கப் பாரம் பின்கொம்பை நோக்கி நகர்கிறது. உட்கார்ந்து எழும்போது அம்மாவுக்கு வலி கூடுவது ஏன் என்று புரிகிறதல்லவா?

பிரிமணையில் வைக்கோல் வளையத்தைச் சுற்றியே முறுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் பானை அழுத்தினாலும் அது விரிந்து கொடுப்பதில்லை. மெனிஸ்கஸிலும் முக்கிய நார்களான நெடுநார்கள் பிறையின் வளைவோடு முன்கொம்பிலிருந்து பின்கொம்பு வரை ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே பிணைக்க இடையிடையே சில நார்கள். ஆகவே கிழிசல் எந்தத் திசையில் போகிறது என்பதுதான் அதன் அளவைவிட முக்கியம். பிறையை மேல், கீழ் என்று இரண்டு தட்டாகப் பிரிக்கும் படுகிழிசல், 'ஹாரிசான்டல்' என்று அறிக்கையில் வருவது, நெடுநார்களை அதிகம் அறுக்காது. நடுவயதில் மிகுதியாகப் பார்ப்பது இதையே. உள்விளிம்பிலிருந்து வெளியே குறுக்காகப் போகும் 'ரேடியல்' கிழிசல் நெடுநார்களை அறுக்கும். பின்கொம்பின் வேரே பிய்ந்துவிட்டால் பிரிமணையை ஓரிடத்தில் அறுத்துவிட்டதற்குச் சமம்: பானை அழுத்தும்போது வளையம் வெளியே பிதுங்கும், பானை தரையில் இடிக்கும்.

மொத்தக் கிழிசல்களில் உள்பக்கப் பிறையின் பின்கொம்பில் வருபவையே அதிகம். அதற்குக் காரணம் உண்டு. வெளிப்பக்கப் பிறை மூட்டுறையில் தளர்வாகப் பிடித்திருப்பதால் முழங்கால் மடங்கும்போது பின்னால் நகர்ந்து தப்பித்துக்கொள்ளும். உள்பக்கப் பிறை மூட்டுறையோடும் பக்கவாட்டு நாரின் ஆழப் படலத்தோடும் இறுக ஒட்டியிருக்கிறது. அந்த அளவுக்கு நகர முடியாது. குந்தி உட்காரும்போது அதன் பின்கொம்பு இரண்டு எலும்புக்கும் நடுவே நசுங்குகிறது. அரிவாள்மனையில் உட்கார்ந்து காய் நறுக்குவது, தரையில் உட்கார்ந்து துணி துவைப்பது, இந்தியக் கழிப்பறை என்று நம் வீட்டுப் பெண்களின் நாள் முழுவதும் இந்த மடக்குதான்.

கிழிந்தது தானாக ஒட்டுமா என்பதும் இடத்தைப் பொறுத்தது. வளர்ந்தவர்களுக்கு மெனிஸ்கஸின் வெளிவிளிம்பில் 10 முதல் 30 சதவீத அகலத்துக்கு மட்டுமே இரத்தக் குழாய்கள் போகின்றன. அந்தப் பட்டையை 'ரெட் ஜோன்' என்பார்கள். அங்கே கிழிந்தால் ஆறவும் வாய்ப்புண்டு, தைத்தாலும் பிடிக்கும். உள்விளிம்பு 'ஒயிட் ஜோன்'. இரத்தம் இல்லாத இடம், தையல் பிடிப்பது கடினம்.

வடிவத்தை வைத்து மட்டும் பெயரிட்டதால் ஒரு பெரிய தவறும் நடந்தது. ஆங்கில மருத்துவ நூல்கள் நெடுங்காலம் இதை 'செமிலூனார் கார்ட்டிலேஜ்', அரைநிலாக் குருத்தெலும்பு என்றே எழுதின. பள்ளியில் இதயப் பாடத்தில் படித்த அரைச்சந்திர வால்வு நினைவிருக்கும். அதே லத்தீன் நிலா. 1883-இல் எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் என்னும் அறுவை மருத்துவர், இடம் பெயர்ந்த இந்த அரைநிலாவைச் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்குத் தைத்தே சரிசெய்தார். அந்த வழியிலேயே போயிருக்கலாம். ஆனால் இது தசையொன்றின் பயனற்ற மிச்சம் என்ற கருத்து அதே நூற்றாண்டின் இறுதியில் வலுத்தது. கிழிந்ததா, முழுவதையும் எடுத்துவிடு என்பதே 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு வழக்கமாக இருந்தது. 1948-இல் ஃபேர்பேங்க் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர், பிறையை எடுத்த முழங்கால்களின் எக்ஸ்ரேக்களில் எலும்பு தட்டையாவதையும், இடைவெளி குறைவதையும், ஓரத்தில் எலும்புமேடு வளர்வதையும் காட்டினார். பிறை போன இடத்தில் மூட்டுத் தேய்மானம் வந்து உட்கார்ந்திருந்தது. இன்று விதி தலைகீழ்: முடிந்தவரை பிறையைக் காப்பாற்று, எடுத்தே ஆக வேண்டுமென்றால் தொங்கும் துணுக்கை மட்டும் எடு.

இப்போது ஆபரேஷன் கேள்வி. அறிக்கையிலுள்ள கிழிசல்தான் அம்மாவின் வலிக்குக் காரணம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் பொதுமக்களில் 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 50 முதல் 59 வயதுப் பெண்களில் 19 சதவீதத்தினருக்கும், 70 வயதைத் தாண்டிய ஆண்களில் 56 சதவீதத்தினருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தோ சிதைந்தோ இருந்தது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலி, பிடிப்பு எதுவுமே இல்லை. அதாவது நடுவயதுக்கு மேல் இந்தக் கிழிசல் நரைமுடி போலப் பலருக்கும் சத்தமில்லாமல் வருகிறது.

2013-இல் பின்லாந்து மருத்துவர்கள் இன்னும் துணிந்து ஒன்றைச் செய்தார்கள். தேய்மானம் முற்றாத, உள்பக்கப் பிறை கிழிந்த 35 முதல் 65 வயது வரையான 146 பேரில் பாதிப் பேருக்கு உண்மையாகவே கிழிந்த துணுக்கை நீக்கினார்கள். மறுபாதிக்குத் துளை போட்டுக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்ததோடு சரி, எதையும் வெட்டவில்லை. யாருக்கு என்ன நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2016-இல் நார்வேயில் 140 பேரிடம் 12 வார உடற்பயிற்சியை ஆபரேஷனோடு ஒப்பிட்டபோதும் இரண்டு வருட முடிவில் அதே கதைதான். ஆகவே அடிபடாமல் மெல்ல வந்த வலி, 52 வயது, கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்வதில்லை என்றால், முதல் வைத்தியம் மூன்று மாதப் பயிற்சி. என் தீர்மானமான கருத்து இதுவே.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அறிக்கையை மறுபடி எடுத்து, 'ரூட்', 'எக்ஸ்ட்ரூஷன்', 'பக்கெட் ஹேண்டில்' என்ற மூன்று சொற்களில் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள்.

'ரூட் டியர்' என்றால் வேர் பிய்ந்த கிழிசல். குந்தி எழும்போதோ படி இறங்கும்போதோ முழங்காலின் பின்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம், அந்த நிமிடமே கடும் வலி. இப்படித்தான் இது பெரும்பாலும் தொடங்கும். நம் அம்மாக்களின் வயதில்தான் அதிகம். வலி தொடங்கிய அந்த நாள் அம்மாவுக்குத் துல்லியமாக நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 'எக்ஸ்ட்ரூஷன்' என்றால் பிறை டிபியாவின் விளிம்பைத் தாண்டி வெளியே பிதுங்கியிருப்பது, 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டியது, வேரும் போயிருக்கிறதா என்று தேட வேண்டியது. தேய்மானம் முற்றாமல் இருந்தால், கால் அதிகம் வளையாமல் நேராக இருந்தால், டிபியாவில் துளையிட்டு நூலை இழுத்து வேரை மறுபடி எலும்பில் ஊன்றலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் ஆறு மாதம் போனால் மேல்பூச்சு தேய்ந்து தைக்கும் பயனே குறைந்துவிடும். 'பக்கெட் ஹேண்டில்' என்றால் கிழிந்த பகுதி வாளியின் கைப்பிடி போல மடங்கி மூட்டின் நடுவே விழுந்துவிட்டது என்று பொருள். முழங்காலை முழுவதும் நீட்ட முடியாமல் ஏதோ தடுப்பதுபோல் இருக்கும். இளம் வயதினருக்கே மிகுதி. வந்தால் வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

அறிக்கையில் 'பேக்கர்ஸ் சிஸ்ட்' என்று இருந்தால் அதற்கும் பயப்பட வேண்டாம். 1877-இல் அதை விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் பேக்கரின் பெயர் அது. மூட்டில் சுரக்கும் கூடுதல் நீர் பின்னால் ஒரு பையில் தேங்கியிருக்கிறது என்பதே பொருள். மூட்டு அமைதியானால் அதுவும் பெரும்பாலும் வற்றும்.

இந்த மூன்று சொற்களும் இல்லையென்றால், மருத்துவர் ஒருமுறை கையால் சோதித்த பிறகு பயிற்சியைத் தொடங்கலாம். முதல் இரண்டு வாரம் தினமும் இரண்டு பயிற்சிகள். படுத்தபடி முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கித் துண்டைக் கீழே அழுத்தி 5 வினாடி பிடிக்க வேண்டும்; 10 தடவை, காலை மாலை இருவேளை. துண்டு கைப்பிடி அளவு தடிமனாக இருந்தால் போதும். தலையணையை வைத்தால் முழங்கால் அதிகம் மடங்கி, வலிக்கிற இடத்தையே அழுத்தும். அடுத்தது, மற்றக் காலை மடக்கி ஊன்றிக்கொண்டு, வலிக்கும் காலை நேராக நீட்டி, பாதத்தைத் தன்பக்கம் இழுத்துவைத்து, தரையிலிருந்து ஓர் அடி தூக்கி 5 வினாடி நிறுத்தி மெதுவாக இறக்குவது. இதுவும் 10 தடவை. பலர் செய்யும் தவறு, பாதத்தை வெளிப்பக்கம் சாய்த்துத் தூக்குவது. பாதம் நேராகவே இருக்கட்டும். மூச்சைப் பிடிக்கவும் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்வது நல்லது.

மூன்றாம் வாரத்திலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. 18 அங்குல உயர நாற்காலி, அதன்மேல் ஒரு மெத்தை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, இரண்டு முழங்காலும் உள்ளே சாயாமல் பாதத்துக்கு நேராக வரும்படி மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்கார வேண்டும். 8 தடவையில் தொடங்கி 12 வரை கூட்டி, அப்படி மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைப் பக்கவாட்டில் தூக்குவதையும் சேர்த்துக்கொள்ளட்டும். இடுப்பின் பக்கத் தசை வலுத்தால் முழங்கால் உள்பக்கம் சாய்வது குறையும். வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால் பயிற்சியின்போது 3 வரை பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும், ஆனால் நிறுத்தக் கூடாது. மூன்றாம் நான்காம் வாரத்தில் வலி குறைந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். தசை கனக்கத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். 12 வாரம் முழுதாகச் செய்ய வேண்டும்.

உடல் எடை கூடுதலாக இருந்தால், குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் நடக்கையில் ஓர் அடிக்கு முழங்காலில் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது. மூன்று கிலோ குறைத்தாலே அம்மாவுக்கு வித்தியாசம் தெரியும். நாட்டுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் மடக்காமல் வைப்பது வேண்டாம். தொடைத் தசை மெலிந்துவிடும். வலி மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாகவே மாதக்கணக்கில் வாங்கிக் கொடுக்காதீர்கள், முக்கியமாகச் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருந்தால். கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, முழங்கால் சூடாகிச் சிவந்து காய்ச்சலும் வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கழிப்பறையை மேற்கத்திய முறைக்கு மாற்ற முடியாவிட்டால், இந்தியக் கோப்பையின் மேல் வைக்கும் கமோடு நாற்காலி போதும். காய் நறுக்குவது மேசைக்கு வரட்டும். சம்மணம், வஜ்ராசனம் இந்த மூன்று மாதம் வேண்டாம். நின்ற இடத்தில் பாதத்தை ஊன்றிக்கொண்டு உடலை மட்டும் திருப்பாமல், பாதத்தையும் சேர்த்து எடுத்துவைத்துத் திரும்பப் பழகட்டும்.

கோலத்துக்குக் குந்தி உட்காரக் கூடாது. முக்காலி போட்டு உட்கார்ந்தாலும் அது ஓர் அடிக்கும் குறைந்த உயரமாக இருந்தால் முழங்கால் 90 பாகைக்கு மேல் மடங்கி, அதே பின்கொம்புதான் நசுங்கும். பழைய வழக்கம்போல நின்றபடி, கால்களைச் சற்று அகட்டி, முழங்காலைக் கொஞ்சமே தளர்த்தி, இடுப்பிலிருந்து குனிந்து போடலாம். முதுகுக்குத் தொந்தரவு இல்லாதவர் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்துகொண்டு செய்யட்டும். பெரிய புள்ளிக் கோலம் போட ஆசைப்பட்டால் புள்ளி வைத்து வழி சொல்வது அம்மா, குந்தி உட்கார்ந்து இழை இழுப்பது நீங்கள் என்று இந்த மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.